பெண்கள் நிலப்படை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் படிக்கும்போது 'லேண்ட் கேர்ள்ஸ்' என்ற பெயர் கட்டாயம் வரும். பண்ணை வேலைக்குப் போன பெண்கள் நிலப்படையினரை அப்படித்தான் அழைத்தார்கள். தலையில் தொப்பி, பச்சை ஸ்வெட்டர், கையில் வைக்கோல் வாரும் கவை என்று ஒரு இளம்பெண்ணின் படமும் வரும். வீட்டுப்பாடத்துக்கு உதவ உட்காரும் தமிழ்ப் பெற்றோரும், சில சமயம் தாத்தா பாட்டிகளும், திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

லேண்ட் ஆர்மி என்கிறார்களே, அது ராணுவத்தில் ஒரு பிரிவா?

இல்லை. உமன்ஸ் லேண்ட் ஆர்மி, அதாவது பெண்கள் நிலப்படை, பெயரில் மட்டும்தான் படை. வேளாண் அமைச்சகத்தின் கீழ் இயங்கிய சிவில் அமைப்பு அது. துப்பாக்கியும் கிடையாது, ராணுவச் சட்டமும் கிடையாது. சேர்ந்தவர்களுக்குச் சீருடை, பயிற்சி, வேலை செய்ய ஒரு பண்ணை ஆகியவற்றை அமைப்பு ஏற்பாடு செய்யும். வேலை வாங்குவதும் வாரக் கூலி கொடுப்பதும் அந்தப் பண்ணைக்காரர்.

நேதாஜியின் ஜான்சி ராணிப் படை மாதிரியா என்று ஒருவர் கேட்டார். 1943-ல் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்த அந்தப் படை ஆயுதப் பயிற்சி பெற்ற படை. நிலப்படைப் பெண்கள் பிடித்தது கலப்பை, டிராக்டர், பால் வாளி. இரண்டும் ஒரே காலம், ஆனால் வேறு வேறு வேலை. நிலப்படை ராணுவம் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த பிறகு நடந்த அநியாயத்துக்கு அதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

பெண்கள் வயலில் இறங்குவது ஒரு பெரிய விஷயமா? எங்கள் பாட்டியெல்லாம் ஆயுசு முழுக்கச் செய்தார்களே!

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. நாற்று நடவும் களையெடுப்பும் அறுப்பும் பெண்கள் கையில் இருந்த ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு, பெண் வயலில் நிற்பது செய்தியே அல்ல. பிரிட்டனிலும் கிராமத்துப் பெண்கள் பால் கறந்தார்கள், உருளைக்கிழங்கு பொறுக்கினார்கள், அறுவடைக்குப் போனார்கள். அவர்களை யாரும் படம் பிடித்துச் சுவரொட்டியில் போடவில்லை.

நிலப்படையில் புதிதாக இருந்தது வேறு. மண்ணையே தொட்டிராத நகரத்துப் பெண்கள், முடிதிருத்தும் கடையிலும் துணிக்கடையிலும் நூற்பாலையிலும் அலுவலகத்திலும் இருந்தவர்கள், வீட்டை விட்டுக் கிளம்பி, முன்பின் தெரியாத ஒரு மாவட்டத்தில், வருடம் முழுவதும் கூலிக்கு விவசாய வேலை செய்தார்கள். உழவு, டிராக்டர் ஓட்டுவது, கதிரடிப்பு என்று ஆண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த வேலைகளையும் செய்தார்கள். அரசாங்கமே அவர்களைப் பதிவு செய்து, இது நாட்டுக்கு வேண்டிய வேலை என்று அறிவித்தது. நம் பாட்டிகளின் உழைப்புக்கு அந்த அறிவிப்பு ஒருநாளும் வரவில்லை என்பது உண்மை. அதனால் இந்தப் பெண்களின் உழைப்பு சின்னதாகிவிடாது. இரண்டையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன்.

போர் என்றால் சிப்பாய், குண்டு, கப்பல். விவசாயத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

போருக்கு முன் பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில்தான் கொண்டுவந்தது. கோதுமை கனடாவிலிருந்து, இறைச்சி அர்ஜென்டினாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும், வெண்ணெயும் பன்றி இறைச்சியும் டென்மார்க்கிலிருந்து. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைத்தான் குறிவைத்தன. மூழ்காத கப்பலிலும் ஆயுதமும் எண்ணெயும் படைவீரர்களும் ஏற்ற வேண்டும். ஒரு மூட்டை கோதுமை உள்நாட்டில் விளைந்தால் கப்பலில் ஒரு மூட்டை இடம் மிச்சம்.

நிலம் இருந்தது. ஆனால் விலை கட்டாமல் பல பண்ணைகள் உழவைக் கைவிட்டு மேய்ச்சலாக விட்டிருந்தன. 1939 மே மாதத்திலேயே, புல்வெளியை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்டு என்று அரசு அறிவித்தது. உழுவதற்கு ஆள்தான் இல்லை. விவசாயத் தொழிலாளர்கள் படைக்கும், கூலி கூடுதலாகக் கிடைத்த தொழிற்சாலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதல் உலகப் போரிலும் இருந்ததாமே? இரண்டும் ஒன்றா?

பெயர் ஒன்று, அமைப்பு இரண்டு. முதல் நிலப்படை 1917-ல் தொடங்கியது. அந்த வருடம் வசந்த காலத்தில் கப்பல் இழப்பு உச்சத்தில் இருந்தது, நாட்டின் கோதுமை இருப்பு சில வாரங்களுக்கு மட்டும்தான் என்ற நிலை. மெரியல் டால்பாட் என்ற பெண் அதிகாரி அதை நடத்தினார். ஏறக்குறைய 23,000 பெண்கள் அதில் பணியாற்றினார்கள். 1919-ல் கலைக்கப்பட்டது. அந்தப் போரில் நிலப்படையில் சேராமலே உள்ளூர் வயல்களில் வேலை செய்த கிராமத்துப் பெண்களின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. அவர்கள் பற்றிய பதிவு குறைவு.

இரண்டாவது நிலப்படை 1939 ஜூன் 1 அன்று, போர் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே தயாரானது. பள்ளிப் பாடத்தில் வருவது பெரும்பாலும் இதுதான். இனி வரும் பதில்களும் இதைப் பற்றியே.

யார் தலைமை?

லேடி டென்மன், முழுப் பெயர் கெர்ட்ரூட் டென்மன். கிராமத்துப் பெண்களின் சங்கங்களான உமன்ஸ் இன்ஸ்டிட்யூட் கூட்டமைப்புக்கு 1917 முதல் தலைவராக இருந்தவர். கணவர் ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், 1913-ல், புதிய தலைநகருக்கு கான்பெரா என்ற பெயரை மேடையில் அறிவித்தவரும் இவர்தான். சசெக்ஸ் மாவட்டத்தில் இருந்த தன் பெரிய வீடான பால்கம் பிளேஸையே நிலப்படையின் தலைமையகமாகக் கொடுத்தார். தலைமைப் பொறுப்புக்குச் சம்பளம் வாங்கவில்லை.

அவருக்குக் கீழே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குழு, ஒரு செயலாளர். அதற்கும் கீழே உள்ளூர்ப் பிரதிநிதிகள். பண்ணைகளுக்கு நேரில் போய் பெண்கள் எப்படி இருக்கிறார்கள், தங்குமிடம் சரியா என்று பார்ப்பது அவர்கள் பொறுப்பு. நல்ல பிரதிநிதி கிடைத்த பெண் தப்பித்தாள். கவனிக்காத பிரதிநிதி வாய்த்தவள் தனியாகத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

தன்னார்வம் என்கிறார்கள், கட்டாயம் என்றும் எழுதியிருக்கிறது. எது சரி?

காலத்தைப் பொறுத்து இரண்டும் சரி. 1941 டிசம்பர் வரை முழுக்கத் தன்னார்வம். போர் தொடங்கியபோதே 17,000 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். 1941 டிசம்பரில் வந்த சட்டம் 20 முதல் 30 வயது வரையிலான திருமணமாகாத பெண்களையும் பிள்ளைகள் இல்லாத விதவைகளையும் தேசியப் பணிக்கு அழைத்தது. பெண்களைச் சட்டம் போட்டு அழைத்தது பிரிட்டனில் அதுதான் முதல் முறை. ஆனால் எங்கே போவது என்று தேர்ந்தெடுக்கலாம்: படைகளின் பெண்கள் பிரிவு, தற்காப்புப் பணி, ஆயுதத் தொழிற்சாலை, அல்லது நிலப்படை. அப்படித் தேர்ந்து வந்தவர்களும் உண்டு, அழைப்பு வரும் முன்பே 17½ வயதில் வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

நாட்டின் எந்த மூலைக்கு அனுப்பினாலும் போகிறேன் என்று உறுதி கொடுத்துத்தான் சேர வேண்டும். அதனால் 'தன்னார்வம்' என்றால் மனம்போல வரலாம், போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

இவர்களுக்கு விவசாயம் தெரியுமா? பயிற்சி கொடுத்தார்களா?

பெரும்பாலோருக்குத் தெரியாது. மூன்றில் ஒரு பங்கினர் லண்டனிலிருந்தும் வடக்கின் தொழில் நகரங்களிலிருந்தும் வந்தவர்கள். கொடுத்தவர்களுக்கே நான்கு வாரப் பயிற்சிதான். விவசாயக் கல்லூரியிலோ ஒரு பண்ணையிலோ நடக்கும். பால் கறக்கப் பழகுவதற்கு, ரப்பர் காம்பு பொருத்திய ஒரு கான்வாஸ் பையில் தண்ணீர் நிரப்பிச் சட்டத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் பிழிந்து பழகிய பிறகு நிஜ மாட்டின் அருகே போக வேண்டும். பை உதைக்காது, மாடு உதைக்கும்.

பலருக்கு இந்தப் பயிற்சிகூடக் கிடைக்கவில்லை. ரயிலில் இறங்கி, மறுநாள் விடிகாலை நேராகத் தொழுவத்தில் நின்றார்கள். வேலையைப் பக்கத்தில் இருந்த வயதான தொழிலாளியைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அந்த முதல் சில வாரங்களின் கைக்கொப்புளமும் இடுப்புவலியும் பற்றிச் சொல்லாத நிலப்படைப் பெண் அபூர்வம்.

அப்படி என்னென்ன வேலை செய்தார்கள்?

ஏறக்குறைய கால் பங்கினர் பால் பண்ணையில். பால் கறவைக்கு ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. இருட்டோடு எழுந்து மாடுகளை ஓட்டிவந்து, மடி கழுவி, கறந்து, பாலைக் குளிரவைத்துக் கேனில் ஊற்றி, தொழுவத்தைக் கழுவி, சாணம் அள்ளி முடித்தால் காலைச் சாப்பாடு. மாலையில் மறுபடியும் அதே வரிசை.

மற்றவர்கள் பருவத்தோடு ஓடினார்கள். வசந்தத்தில் உழவு, விதைப்பு. கோடையில் தீவனத்துக்குப் புல் அறுத்து உலர்த்துவது, பிறகு அறுவடை. போர்க்காலக் கோடைகளில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைத்திருந்தார்கள், அதனால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் இருக்கும் வரை அறுவடை நடக்கும். குளிர்காலம்தான் மோசம். சர்க்கரைக்காக வளர்த்த சுகர் பீட் கிழங்கை உறைந்த மண்ணிலிருந்து பிடுங்கி, ஒன்றோடொன்று தட்டி மண் உதிர்த்து, அரிவாளால் தலை சீவ வேண்டும். பனி மூடிய பிரஸ்ஸல்ஸ் முளைக்கோசை விரல் மரத்துப்போகும்படி பறிக்க வேண்டும். கைக்கு நல்ல உறை கிடைப்பது அரிது. மழைக்குச் சாக்கைத் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்டார்கள்.

கதிரடிப்பு எல்லோரும் வெறுத்த வேலை. இயந்திரம் பண்ணை பண்ணையாகப் போகும், பெண்கள் குழுவாக அதன் பின்னால் போவார்கள். அடுக்கி வைத்த கதிர்ப்போரிலிருந்து கட்டுகளை எடுத்து மேலே கொடுப்பது ஒருத்தி, கட்டை அறுத்து இயந்திரத்துக்குள் விடுவது ஒருத்தி, அடியில் சேரும் பதரை வாரிக்கொண்டே இருப்பது ஒருத்தி. பதர் வாருவதுதான் மிகக் கஷ்டம். மூக்கு, கண், காது எல்லாம் தூசி. பார்லியின் சுணை சட்டைக்குள் போனால் நாள் முழுக்க அரிப்பு. நெல் தூற்றியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓடும் பட்டையும் சக்கரமும் சரியான மூடி இல்லாமல் இருந்த காலம் என்பதால் விபத்துகளும் நடந்தன.

இதைத் தவிர வாய்க்கால் தோண்டுவது, வேலி வெட்டுவது, சதுப்பு நிலத்தைத் திருத்துவது, தோட்டக்கலை எல்லாம் உண்டு. 1942-ல் மரம் வெட்டுவதற்கென்று தனியாக ஒரு மரப்படையும் அமைத்தார்கள். சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்க மரம் இல்லாமல் நிலக்கரி எடுக்க முடியாது. கோடரியாலும் இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தாலும் அந்தப் பெண்கள் காடுகளில் மரம் சாய்த்தார்கள்.

எலி பிடித்தார்கள் என்று என் பையன் சொல்கிறான். நிஜமா?

நிஜம். ஒரு கதிர்ப்போரில் நூற்றுக்கணக்கில் எலி இருந்தால் அந்தத் தானியம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். எலி, முயல், அகழெலி ஒழிப்புக்கென்றே தனிப் பயிற்சி கொடுத்துக் குழுக்களை அனுப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த வேலையில் இருந்தார்கள். கதிரடிப்பின்போது கதிர்ப்போரின் அடிப்பகுதிக்கு வந்ததும் எலிகள் நாலாபுறமும் பாயும். கால்சட்டைக்குள் ஏறிவிடாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வயசுப் பெண்களை அப்படித் தனியாக அனுப்ப வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள்? எங்கே தங்கினார்கள்?

பல அப்பா அம்மாக்கள் எளிதில் சம்மதிக்கவில்லை. மறுபக்கம், லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது கிராமம் பாதுகாப்பு என்று நினைத்த வீடுகளும் இருந்தன. எல்லாக் கிராமமும் பாதுகாப்பாக இருக்கவில்லை. கென்ட் மாவட்ட வயல்களுக்கு மேலேதான் 1940 விமானப் போர் நடந்தது.

முதலில் பண்ணை வீட்டிலோ தொழிலாளி வீட்டிலோ ஒரு அறை கொடுத்தார்கள். அங்கே எல்லாம் அதிர்ஷ்டம்தான். மகளைப் போலப் பார்த்துக்கொண்ட வீடுகள் உண்டு. சாப்பாட்டில் கைவைத்த வீடுகளும், குளிக்க வெந்நீர் தராத வீடுகளும் உண்டு. பல கிராமங்களில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லை. நகரத்துப் பெண்ணுக்கு வேலையைவிட அந்தத் தனிமைதான் அதிகம் வலித்தது.

பிறகு விடுதிகள் வந்தன. பெரிய மாளிகைகள், குதிரை லாயங்கள், புதிதாகப் போட்ட குடிசைக் கட்டடங்கள் என்று கிடைத்த இடமெல்லாம் விடுதியானது. 1944 வாக்கில் சுமார் 700 விடுதிகளில் 22,000 பெண்கள் இருந்தார்கள். அடுக்குக் கட்டில், ஒரு வார்டன், இரவு திரும்ப நேரக்கட்டுப்பாடு. காலையில் லாரி வந்து குழு குழுவாக வயலில் இறக்கிவிடும். வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த பல நட்புகள் அந்த விடுதிகளில் தொடங்கியவை.

சம்பளம் எவ்வளவு? ஆண்களுக்குச் சமமா?

சமம் இல்லை. ஆரம்பத்தில் 18 வயது தாண்டிய பெண்ணுக்கு வாரம் 28 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரைப் பவுண்டுகூட இல்லை. அதில் பாதி, 14 ஷில்லிங், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். குளிர்காலத்தில் வாரம் 48 மணி நேரம், கோடையில் 50. 1944-ல் 48 ஷில்லிங் ஆனது, ஆனால் அப்போது ஆண் விவசாயத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி 65 ஷில்லிங்.

சம்பளத்தோடு விடுமுறை என்பதே 1943 வரை உறுதியாக இல்லை. அந்த வருடம் வந்த நிலப்படைச் சாசனத்தில்தான் குறைந்தபட்சக் கூலி உயர்வும் வருடத்துக்கு ஒரு வார விடுமுறையும் கிடைத்தன. விவசாயத் தொழிலாளர் என்ற வகையில் கூடுதல் சீஸ் ரேஷன் கிடைத்தது. அதை எத்தனை நாள் சாண்ட்விச்சில் பார்ப்பது! ஆறு மாதப் பணிக்கு ஒருமுறை கைப்பட்டையில் தைத்துக்கொள்ள ஒரு அரை வைர வடிவத் துணித்துண்டு கொடுத்தார்கள். அதைப் பெருமையாக அணிந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் துணித்துண்டு கூலிக்கு ஈடாகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பண்ணைக்காரர்கள் இவர்களை எப்படி நடத்தினார்கள்?

ஆரம்பத்தில் வேண்டாம் என்றார்கள். உதட்டுச்சாயம் பூசிய டவுன் பெண் மாட்டைத் தொடுவாளா என்ற சந்தேகம். 1939-40 குளிர்காலத்தில் பெயர் கொடுத்த ஆயிரக்கணக்கான பெண்கள் கேட்பார் இல்லாமல் வீட்டில் காத்திருந்தார்கள். ஆண்கள் போனபின், வேறு வழியில்லாமல் ஒரு பெண்ணை எடுத்தவர் அடுத்த வருடம் இரண்டு பேர் வேண்டும் என்று எழுதினார். 1943-ல் விமானத் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும் என்று நிலப்படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியபோது, எங்களுக்கு இன்னும் பெண்கள் வேண்டும் என்று கேட்டவர்கள் அதே விவசாயிகள். அப்போது நிலப்படையின் பலம் 80,000-ஐத் தாண்டியிருந்தது.

இதைக் கேட்டதும், கடைசியில் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். அடிக்கடி சீண்டலுக்கு ஆளான பெண்களும், எந்த வேலையும் கற்றுத்தராமல் எருக்குழியிலேயே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். இடமாற்றம் கேட்கலாம், ஆனால் அதற்கு முன்பு நான் சொன்ன உள்ளூர்ப் பிரதிநிதி காது கொடுக்க வேண்டும்.

ஆண்கள் மாதிரி கால்சட்டை போட்டதற்கு ஊரெல்லாம் பேசியதாமே?

முதல் போரில் பேசினார்கள். அப்போது பெண்ணின் முழங்கால் வடிவம் தெரிய ஆடை அணிவதே அதிர்ச்சி. ஆணின் வேலையைச் செய்வதால் ஆண்போல உடுத்தியிருக்கிறாய், ஆனால் மரியாதையை எதிர்பார்க்கும் ஆங்கிலப் பெண்ணாக நடந்துகொள் என்ற பொருளில் கையேட்டிலேயே புத்திமதி அச்சடித்தார்கள். இரண்டாம் போரில் அந்த அளவு எதிர்ப்பு இல்லை. பழுப்புக் கார்டுராய் கால்சட்டை, முழங்கால் வரை கம்பளிக் காலுறை, வெளிர்நிறச் சட்டை, பச்சை ஸ்வெட்டர், பழுப்புத் தொப்பி, குளிருக்கு ஒரு பெரிய கோட்டு. படங்களில் வரும் இந்த முழு உடை வெளியே போகும்போது போடுவது. வயலில் டங்கரி என்ற தடித்த துணி வேலை உடையும் ரப்பர் பூட்ஸும்தான். போர்க்காலத்தில் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது பூட்ஸ் கிடைப்பதே பெரும்பாடு.

எல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள் படமாகவே இருக்கிறதே. நம்மைப் போல நிறமுள்ளவர்களைச் சேர்த்தார்களா?

இந்தக் கேள்வியை ஒரு பத்து வயதுப் பெண் கேட்டாள். இதற்கு அமேலியா கிங்கின் கதையைத்தான் சொல்ல வேண்டும். லண்டனின் கிழக்குப் பகுதியான ஸ்டெப்னியைச் சேர்ந்த கறுப்பினப் பெண். பல தலைமுறையாக பிரிட்டனில் வாழ்ந்த குடும்பம், அப்பா வணிகக் கப்பலில் வேலை செய்தவர். 1943-ல் நிலப்படைக்கு விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். விவசாயிகள் ஏற்க மாட்டார்கள், தங்க வீடு கிடைக்காது என்றார்கள். ஆயுதத் தொழிற்சாலைக்குப் போ என்று வழிகாட்டினார்கள். நிலத்துக்கு ஆகாதவள் என்றால் தொழிற்சாலைக்கும் ஆக மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்தப் பகுதியின் எம்.பி. வால்டர் எட்வர்ட்ஸ் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். வேலையும் தங்குமிடமும் ஏற்பாடு செய்ய முடியவில்லை என்றுதான் வேளாண் அமைச்சர் ராபர்ட் ஹட்சனிடமிருந்து பதில் வந்தது. செய்தித்தாளில் படித்த ஹாம்ப்ஷயர் விவசாயி ஒருவர் தன் பண்ணையில் வேலை தர முன்வந்தார். கிராமத்தார் தங்க இடம் கொடுத்தார்கள். அதன் பிறகே நிலப்படை அவரை ஏற்றது. விவசாயிகள் ஏற்க மாட்டார்கள் என்று சொன்ன இடத்தில் ஒரு விவசாயிதான் கதவைத் திறந்தார். பள்ளித் திட்டப்பணியில் ஒரே ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்றால் இவரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

போர் 1945-ல் முடிந்ததே, நிலப்படை ஏன் 1950 வரை?

பசி 1945-ல் முடியவில்லை. போர் முழுவதும் பிரிட்டனில் ரொட்டிக்கு ரேஷன் இல்லை. போர் முடிந்த பிறகு, 1946 ஜூலையில்தான் ரொட்டிக்கு ரேஷன் வந்து இரண்டு வருடம் நீடித்தது. மொத்த ரேஷன் 1954 வரை போனது. போரின்போது வயலில் வேலை செய்த இத்தாலிய, ஜெர்மானியப் போர்க்கைதிகளும் ஊர் திரும்பினார்கள். ஆகவே பெண்கள் தேவைப்பட்டார்கள். 1950 நவம்பர் 30 அன்று அமைப்பு கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் 500 பேர் பக்கிங்காம் அரண்மனையில் கடைசி அணிவகுப்பு நடத்தினார்கள். 1939 முதல் அதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பணியாற்றியிருந்தார்கள்.

வேலை முடிந்து போகும்போது அரசு என்ன கொடுத்தது?

படைகளின் பெண்கள் பிரிவுகளில் இருந்தவர்களுக்குப் போர் முடிவில் பணிக்கொடை கிடைத்தது. நிலப்படைக்கு இல்லை என்று அரசு சொன்னது. காரணம் முதல் பதிலில் சொன்னதுதான்: நீங்கள் ராணுவம் இல்லை, விவசாயியின் கூலியாட்கள். நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பும்போது நாட்டுப்பணி, கணக்குத் தீர்க்கும்போது தனியார் வேலை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

லேடி டென்மன் 1945 பிப்ரவரியில் இதை எதிர்த்துப் பதவி விலகினார். அதன் பிறகு நிலப்படை நல நிதிக்கு அரசு ஒரு தொகை கொடுத்தது. பெண்கள் தங்கள் ஷூவையும் பெரிய கோட்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கோட்டுக்குக் கருநீலச் சாயம் போட வேண்டும் என்று அனுமதித்தார்கள். அரசின் நன்றி முறைப்படி வந்தது 2008-ல். உயிரோடிருந்த பெண்களுக்கு, பலருக்கும் எண்பது வயதைத் தாண்டிய நிலையில், பிரதமர் கையெழுத்திட்ட சான்றிதழும் ஒரு பேட்ஜும் அனுப்பினார்கள்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலும் இருந்ததா?

இருந்தது. முதல் போரில் அமெரிக்காவில் 'ஃபார்மரெட்' என்று அழைக்கப்பட்ட பெண்கள், பலர் கல்லூரி மாணவிகள், பிரிட்டனைப் பார்த்துத் தொடங்கினார்கள். இரண்டாம் போரில், 1943-ல், அமெரிக்க வேளாண் துறையே ஒரு நிலப்படையை நடத்தியது. ஆஸ்திரேலிய நிலப்படை 1942-ல் தொடங்கி 1945 இறுதியில் கலைந்தது. நாஜி ஜெர்மனியின் பெண்கள் உழைப்புச் சேவையை இதோடு சேர்க்க வேண்டாம். அது சட்டக் கட்டாயம், அரசின் கொள்கைப் பயிற்சியும் அதில் அடக்கம்.

அதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது?

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் வசமானது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கும் சென்னை மாகாணத்துக்கும் பெரிய அடி. 'அதிக உணவு பயிரிடுவோம்' என்ற இயக்கம் இந்தியாவில் வந்தது. 1943-ல் வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. நிலப்படை தொடங்கியபோது பிரிட்டனின் வேளாண் அமைச்சராக இருந்த ரெஜினால்ட் டார்மன் ஸ்மித்தான், பர்மா விழுந்தபோது அங்கே ஆளுநர்.

பிரிட்டன் போலப் பெண்களுக்கென்று ஒரு நிலப்படையை இங்கே யாரும் அமைக்கவில்லை. பெண்கள் ஏற்கெனவே வயலில்தான் இருந்தார்கள். சீருடை இல்லை, பதிவேடு இல்லை, கூலியும் ஆண்களைவிடக் குறைவு. இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

"லேண்ட் கேர்ள்ஸ்தான் நாட்டைப் பட்டினியிலிருந்து காப்பாற்றினார்கள்" என்கிறார்களே, இது மிகையா?

அவர்கள் மட்டும்தான் என்று சொன்னால் மிகை. உழவு நிலம் போர்க்காலத்தில் ஏறக்குறைய பாதி அளவு கூடியது. அதற்கு டிராக்டர்கள், உரம், ஏக்கர் கணக்கில் கொடுத்த மானியம், எதைப் பயிரிட வேண்டும் என்று உத்தரவிட்ட மாவட்டப் போர் வேளாண் குழுக்களின் கெடுபிடி, வயதான தொழிலாளர்கள், பள்ளி விடுமுறையில் வந்த பிள்ளைகள், போர்க்கைதிகள், பெயர் பதிவாகாத கிராமத்துப் பெண்கள் எல்லோரும் காரணம். கப்பலில் வந்த உணவும் நிற்கவில்லை.

ஆனால் புதிதாக உழுத நிலத்துக்கு வேலையாள் அதிகம் வேண்டும். மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு ஆள் போதும், உருளைக்கிழங்கு நிலத்துக்குக் குழுவே வேண்டும். ஆண்கள் குறைந்துகொண்டே போன காலத்தில் அந்தக் குழுவாக 80,000 பேர் வந்து நின்றார்கள். அவர்கள் இல்லாமல் அந்த விளைச்சல் வந்திருக்காது என்று தயங்காமல் எழுதலாம்.

திட்டப்பணிக்கு எங்கே போய்ப் பார்க்கலாம்? பக்கத்து வீட்டுப் பாட்டி லேண்ட் கேர்ளாக இருந்தாராம், அவர் பதிவு கிடைக்குமா?

லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் சுவரொட்டிகள், படங்கள், ஒலிப்பதிவு நேர்காணல்கள் இருக்கின்றன. ரெடிங் நகரில் ஆங்கிலேயக் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் அந்தக் காலக் கருவிகளைப் பார்க்கலாம். ஸ்டாஃபர்ட்ஷயரில் ஆல்ரிவாஸ் என்ற இடத்தில் உள்ள தேசிய நினைவுத் தோட்டத்தில் 2014-ல் நிலப்படைக்கும் மரப்படைக்கும் சேர்த்துச் சிலை வைத்தார்கள்.

இரண்டாம் போர் நிலப்படையின் முழுப் பணிப்பதிவேடுகள் மிஞ்சவில்லை. பெயர், முகவரி, சேர்ந்த தேதி போன்றவை உள்ள அட்டவணை அட்டைகள் மட்டும் மிஞ்சின. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றைத் தேடலாம். திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள், அட்டை பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் இருக்கும். ஆனால் பாட்டி பேசும் நிலையில் இருந்தால் முதலில் அவரிடமே போய்க் கேளுங்கள், அவர் அனுமதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த மாட்டைக் கறந்தார், எந்த வேலையை வெறுத்தார், வாரக் கடைசியில் கையில் எவ்வளவு மிஞ்சியது என்பதெல்லாம் அட்டையில் இருக்காது.